எதனோலின் அமைப்பும் கூப்பரின் கோடும்

எதனோல் மூலக்கூற்றில் இரண்டு காபன், ஆறு ஐதரசன், ஓர் ஒட்சிசன் என ஒன்பது அணுக்கள் உள. இருமீதைல் ஈதரிலும் இதே ஒன்பது அணுக்களே உள்ளன. ஆயின் முன்னையது 78 பாகை செல்சியசிற் கொதிக்கும் திரவம். பின்னையது சாதாரண வெப்பநிலையில் வாயு. அணுக்களின் தொகை ஒன்றாயிருக்க இயல்பு வேறுபடுவதற்கு அவை இணைந்துள்ள முறையே காரணம். அணுவைக் காட்டும் கருவி எதுவுமில்லாத காலத்தில் அம்முறை எவ்வாறு அறியப்பட்டது என்பதே இங்கு எமது வினா.

வெல்லம் நொதித்து மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆவதை லவோசியே 1789இல் நிறைக்கணக்கோடு விளக்கினார். அதன்பின் மதுசாரத்தின் உள்ளமைப்புப் பற்றி நெடுங்காலம் பூசல் நிகழ்ந்தது. எதிலீனும் நீரும் கூடியதே அது என்றார் டியூமா. எதைல் மூலிகத்தை அடிப்படையாகக் கொண்டார் லீபிக். இப்பூசலைத் தீர்த்தது வாதமன்று, பரிசோதனையே. 1850இல் இலண்டனில் வில்லியம்சன் மதுசாரத்திற் பொற்றாசியத்தைக் கரைத்தார். ஆறு ஐதரசன்களுள் ஒன்றை மட்டுமே அவ்வுலோகம் இடம்பெயர்த்தது. அவ்விளைவோடு எதைல் அயடைட்டைச் சேர்த்தபோது, அவர் எதிர்பார்த்த உயர் மதுசாரம் கிடைக்கவில்லை, ஈதரே கிடைத்தது. மீதைல் அயடைட்டைச் சேர்த்தபோதோ இருவேறு ஈதர்களின் கலவை தோன்றாது, இரு மூலிகங்களையும் தன்னுட் கொண்ட புதிய ஈதர் ஒன்று தோன்றியது. நீரின் ஓர் ஐதரசனின் இடத்தை எதைல் கொண்டால் மதுசாரம், இரண்டின் இடத்தையும் கொண்டால் ஈதர் என்பது இதனாற் புலனாயிற்று. எதிர்பார்த்தது கிடையாமை இத்துணைப் பயன் தந்த பரிசோதனைகள் இரசாயன வரலாற்றிற் சிலவே எனலாம்.

எனினும், எதைலுக்குள் அணுக்கள் எவ்வாறு தொடுக்கப்பட்டுள்ளன என்பதை இது கூறவில்லை. அதனைக் கூறியவர்களுள் ஒருவர், மெய்யியல் கற்றுப் பின் இரசாயனத்துக்கு வந்த ஸ்கொத்லாந்து இளைஞர் ஆச்சிபோல்ட் ஸ்கொட் கூப்பர். காபனின் வலுவளவு நான்கு, காபன் அணுக்கள் ஒன்றோடொன்று இணையவல்லன என்னும் இரு கருத்துக்களையும் கொண்டு, அணுக்குறியீடுகளைக் கோட்டால் இணைத்து அவர் சூத்திரங்கள் வரைந்தார். மதுசாரத்தின் சூத்திரமும் அவற்றுள் ஒன்று. ஒட்சிசனின் அணுநிறையை 8 எனக் கொண்டமையால் அவர் அதனை இருமுறை எழுத நேர்ந்தது. அஃதொழிந்தால், நாம் இன்று வரைவதும் அதுவே. இவ்வமைப்பில் ஒட்சிசனோடு இணைந்த ஐதரசன் அயல் மூலக்கூற்றின் ஒட்சிசனால் ஈர்க்கப்படும். எதனோலின் உயர்ந்த கொதிநிலைக்கு இந்த ஐதரசன் பிணைப்பே காரணம். ஈதரில் அத்தகைய ஐதரசன் இல்லை.

கூப்பர் தமது கட்டுரையை 1858இல் பாரிசில் தம் ஆய்வுகூடத் தலைவர் வுர்ட்சிடம் அளித்தார். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் வுர்ட்ஸ் அப்போது அங்கத்தவரல்லர். அங்கத்தவர் ஒருவரின் வாயிலாகவே கட்டுரை அங்கு செல்லவேண்டும். டியூமா அதனைச் சமர்ப்பித்தபோது யூன் 14 ஆகிவிட்டது. இதனிடையே மே மாதத்தில் கெகுலேயின் கட்டுரை வெளிவந்துவிட்டது. கெகுலே தம் முடிவைத் தாமாகவே கண்டவர், அதில் ஐயமில்லை. ஆயின், முதன்மை அவருக்கு உரித்தானமைக்குச் சிந்தனையின் வேகத்தினும் ஒரு சபையின் நுழைவுவிதியே பெரிதும் காரணம் என்பது எமது கருத்து. தாமதத்துக்காக வுர்ட்சோடு முரண்பட்ட கூப்பர் ஆய்வுகூடத்தினின்றும் வெளியேற்றப்பட்டார். நாடு திரும்பி உளநலம் குன்றிய அவர், பின்னர் எவ்வாய்வும் வெளியிடாது 1892இல் மறைந்தார். அவருடைய வாழ்வையும் ஆய்வையும் 1909இல் உலகறியச் செய்தவர், கெகுலேயின் உதவியாளராயிருந்து பொன் பல்கலைக்கழகத்தில் அவர்தம் பதவியை ஏற்ற அன்சுட்ஸ் என்பவரே.