உரை முனையங்களில் சுட்டி உள்ளீட்டின் வரலாறு

உரை முனையச் சுட்டி உள்ளீடு என்பது, எழுத்துகளை மட்டும் காட்டும் முனையத்தில் இயங்கும் நிரல் ஒன்று சுட்டியின் சொடுக்கு, இழுப்பு, சக்கரச் சுழற்சி ஆகியவற்றை அறிந்துகொள்ளும் முறையாகும். விசைப்பலகைக்காக மட்டும் அமைக்கப்பட்ட பாதையில் சுட்டியின் செய்திகளும் பயணிக்க வேண்டியிருந்ததே இதன் அடிப்படைச் சிக்கல். இதற்கான தீர்வுகள் 1980கள் முதல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பழைய நிரல்கள் பழுதாகக் கூடாது என்பதால் எந்த அடுக்கும் முழுமையாக நீக்கப்படவில்லை. இன்று ஒரு முனைய நிரலை எழுதுபவர் இந்த வரலாற்றை அறியாமல் சுட்டியைச் சரியாகக் கையாள முடிவதில்லை.

பின்னணி

முனையமும் சுட்டியும் தனித்தனியே வளர்ந்தவை. டக்ளஸ் எங்கல்பார்ட்டும் அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீசும் 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் சுட்டியை உருவாக்கினர். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்.

அதே காலத்தில் கணினியுடன் உரையாடப் பரவலாகப் பயன்பட்டவை தொலை அச்சுப்பொறிகள். 1963இல் வெளிவந்த டெலிடைப் 33 நொடிக்கு 10 எழுத்துகளை அனுப்பும். கணினிக்கும் இதற்கும் இடையே இருந்தது ஒரே ஒரு தொடர் கம்பி இணைப்பு. பயனர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாக மாறி, அந்தக் கம்பி வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றது. யுனிக்ஸ் இயங்குதளத்தின் முனைய அமைப்பு முழுவதும் இந்த எழுத்து ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டது.

பின்னர் காகிதத்தின் இடத்தைத் திரை பிடித்தது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்தில் 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் இருந்தன. குறிமுள்ளை நகர்த்துதல், திரையைத் துடைத்தல் போன்ற ஆணைகளைக் கணினி ‘எஸ்கேப்’ என்னும் சிறப்பு எழுத்தில் தொடங்கும் தொடர்களாக அனுப்பியது. இவை எஸ்கேப் தொடர்கள் எனப்படுகின்றன. அம்புக்குறி விசைகளை அழுத்தும்போது முனையமும் இத்தகைய தொடர்களையே கணினிக்குத் திருப்பி அனுப்பியது. சுட்டிக்கான வழியும் பிற்காலத்தில் இதிலிருந்தே பிறந்தது.

சுட்டியுள்ள முனையங்கள்

பெல் ஆய்வகத்தில் ராப் பைக், பார்ட் லொகாந்தி ஆகியோர் 1982இல் உருவாக்கிய ‘பிளிட்’ முனையத்தில் மூன்று பொத்தான் சுட்டி இருந்தது. ஆனால் அது வெறும் எழுத்து முனையம் அன்று. அதற்குள் தனி நுண்செயலி இருந்தது. நிரலின் ஒரு பகுதி முனையத்துக்கே அனுப்பப்பட்டு அங்கேயே இயங்கியது. எனவே சுட்டியின் நகர்வு கம்பி வழியே போக வேண்டிய கட்டாயம் குறைந்தது. பின்னாளில் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி330, விடி340 வரைகலை முனையங்களிலும் சுட்டியை இணைக்க முடிந்தது.

இத்தகைய விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலான பயனர்களைச் சென்றடையவில்லை. பரவலான மாற்றம் மென்பொருள் வழியே வந்தது.

எக்ஸ்டெர்ம்

1984ஆம் ஆண்டின் கோடையில், எம்ஐடி நிறுவனத்தில் ஜிம் கெட்டிசின் மாணவரான மார்க் வாண்டிவோர்ட் ஒரு முனையப் போன்மி நிரலை எழுதத் தொடங்கினார். அது வரைகலைத் திரையில் விடி100 போல நடந்துகொள்ளும் நிரல். எக்ஸ் சாளர அமைப்பும் அதே காலத்தில் உருவாகி வந்ததால், இந்த நிரல் அதன் ஒரு பகுதியாகி ‘எக்ஸ்டெர்ம்’ என்ற பெயர் பெற்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து இதைப் பராமரித்து, இதன் கட்டுப்பாட்டுத் தொடர்களை விரிவாக ஆவணப்படுத்தி வருபவர் தாமஸ் டிக்கி.

எக்ஸ்டெர்ம் இயங்கும் கணினியில் சுட்டி ஏற்கெனவே இருந்தது. இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் உரை தேர்ந்தெடுக்கப்படும். நடுப் பொத்தானை அழுத்தினால் அது ஒட்டப்படும். இவை இரண்டும் முனையத்தின் வேலைகள். உள்ளே இயங்கும் நிரலுக்கு இவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. சுட்டியை நிரலுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்றபோது, அம்புக்குறி விசைகளின் வழியையே எக்ஸ்டெர்ம் பின்பற்றியது.

முதலில் வந்த முறை எக்ஸ்10 முறை எனப்படுகிறது. இதன் எண் 9. நிரல் இந்த முறையை இயக்கும் ஆணையை அனுப்பினால், அதன்பின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் முனையம் 6 பைட்டுகளைத் திருப்பி அனுப்பும். முதல் மூன்று பைட்டுகள் எஸ்கேப், இடது சதுர அடைப்புக்குறி, ஆங்கிலப் பெரிய எம் ஆகியவை. அடுத்த மூன்று பைட்டுகள் பொத்தான் எண், நெடுவரிசை எண், வரி எண் ஆகியவை. மிகச் சிறிய எண்கள் கட்டுப்பாட்டு எழுத்துகளாகப் பொருள்படும் என்பதால், இம்மூன்றுடனும் 32 கூட்டப்படும்.

எடுத்துக்காட்டாக, 10ஆம் நெடுவரிசை, 5ஆம் வரியில் இடது பொத்தானை அழுத்தினால் பொத்தான் எண் 0. அனுப்பப்படும் மதிப்புகள் 32, 42, 37. எழுத்துகளாகப் பார்த்தால் இவை ஓர் இடைவெளி, ஒரு உடுக்குறி (*), ஒரு விழுக்காட்டுக் குறி (%). சுட்டியின் நிலை இவ்வாறு மூன்று எழுத்துகளாகச் சுருங்கியது.

எக்ஸ்10 முறை அழுத்தத்தை மட்டுமே தெரிவித்தது. பொத்தான் விடப்படுவதையும் தெரிவிக்க 1000ஆம் எண் முறை வந்தது. ஆயினும் விடுகையைக் குறிக்க 3 என்ற ஒரே எண்தான் இருந்தது. எந்தப் பொத்தான் விடப்பட்டது என்பதை நிரலே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தியபடி இழுப்பதைத் தெரிவிக்க 1002ஆம் முறையும், எதையும் அழுத்தாத நகர்வையும் தெரிவிக்க 1003ஆம் முறையும் சேர்ந்தன. இவற்றில் நகர்வு, ஓர் எழுத்துக் கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது மட்டுமே தெரிவிக்கப்படும். சுருள் சக்கரமும் ஒரு பொத்தானாகவே கருதப்பட்டது. மேல்நோக்கிய சுழற்சிக்கு 64, கீழ்நோக்கியதற்கு 65 என்னும் எண்கள் அமைந்தன. சக்கரத்துக்கு விடுகை கிடையாது.

1001ஆம் எண்ணைக் கொண்ட ‘ஒளிர்வுத் தடம்’ முறை பரவவில்லை. அதில் பொத்தான் அழுத்தப்பட்டதும் முனையம் நிரலின் மறுமொழிக்காகக் காத்திருக்கும். நிரல் மறுமொழி அனுப்பத் தவறினால் முனையம் உறைந்துவிடும்.

டாஸ், லினக்ஸ் ஆகியவற்றில்

தனியாள் கணினிகளின் பாதை வேறாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1983இல் தன் சுட்டியையும், சுட்டியை ஏற்கும் வேர்டு நிரலையும் வெளியிட்டது. டாஸ் இயங்குதளத்தில் நிரல், திரை, சுட்டி ஆகிய மூன்றும் ஒரே கணினியில் இருந்தன. ஆகவே எஸ்கேப் தொடர் தேவைப்படவில்லை. பதினாறு அடிமான எண் முறையில் 33 எனக் குறிக்கப்படும் குறுக்கீட்டு அழைப்பின் வழியே நிரல் சுட்டியின் இடத்தைக் கேட்டுப் பெறலாம். 80 நெடுவரிசைத் திரையில்கூட இயக்கி 640 அகலமுள்ள கற்பனைத் திரையின் அளவிலேயே விடை தரும். அதை 8ஆல் வகுத்தால் நெடுவரிசை கிடைக்கும். 1990இல் போர்லேண்டு நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் 6.0 உடன் வந்த ‘டர்போ விஷன்’ நூலகம் பட்டிகள், பொத்தான்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் சாளரங்கள் ஆகியவற்றை எழுத்துத் திரையிலேயே சுட்டியால் இயக்க உதவியது.

எக்ஸ் சாளரம் இல்லாத லினக்ஸ் எழுத்துத் திரையில், ஆண்ட்ரூ ஹேலெட் எழுதிய ‘செலக்சன்’ நிரல் உரையைத் தேர்ந்தெடுத்து ஒட்ட உதவியது. அதன் வழியில் அலெசாண்ட்ரோ ருபினி ‘ஜிபிஎம்’ என்னும் பின்னணிச் சேவையை உருவாக்கினார். அது சுட்டியை நேரடியாகப் படித்து, நிகழ்வுகளைக் கேட்கும் நிரல்களுக்குத் தனி வழியாக அனுப்பியது. இதனால் நிரலாளர்கள் எக்ஸ்டெர்ம் தொடர், ஜிபிஎம் என இரு முறைகளையும் ஆதரிக்க வேண்டியதாயிற்று. மிகுவேல் டி இகாசா தொடங்கிய ‘மிட்நைட் கமாண்டர்’ கோப்பு மேலாளர் அவ்வாறு இரண்டையும் ஆதரித்தது.

இந்த வேறுபாடுகளை மறைக்க ‘என்கர்சஸ்’ நூலகம் உதவியது. எந்த நிகழ்வுகள் வேண்டும் என்று நிரல் முன்கூட்டியே சொல்லிவிட, நூலகம் அவற்றைப் படித்துத் தரும். ஆனால் அதன் முதல் வடிவமைப்பில் 5ஆம் பொத்தானுக்கு இடம் இல்லை. சக்கரத்தின் கீழ்நோக்கிய சுழற்சி அந்த 5ஆம் பொத்தானே. எனவே மேல்நோக்கிய சுழற்சியை அறிந்த நிரல்களால் கீழ்நோக்கியதை முறையாக அறிய முடியவில்லை. 2015இல் வெளியான என்கர்சஸ் 6.0 பதிப்பின் புதிய அமைப்பு இக்குறையைத் தீர்த்தது.

223 என்னும் எல்லை

ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 255. அதில் 32 போக எஞ்சுவது 223. எனவே 223ஆம் நெடுவரிசைக்கு அப்பாலுள்ள இடத்தைப் பழைய முறையில் சொல்ல இயலாது. 80 நெடுவரிசைகள் வழக்கமாக இருந்தபோது இது குறையாகத் தோன்றவில்லை. அகலத் திரைகள் வந்தபின், முனையத்தின் வலப் பகுதியில் சொடுக்கினால் நிரல் அதை அறியாத நிலை ஏற்பட்டது.

ஒருங்குறியின் வருகை மற்றொரு சிக்கலைக் கொண்டுவந்தது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் 127க்கு மேற்பட்ட மதிப்புள்ள பைட்டு தனித்து நிற்க முடியாது. அது பல பைட்டு எழுத்து ஒன்றின் பகுதியாகவே இருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் அவ்வாறு 3 பைட்டுகளால் ஆனது. சுட்டி 95ஆம் நெடுவரிசையைத் தாண்டினாலே அதன் மதிப்பு 127ஐத் தாண்டிவிடும். உள்ளீட்டை யுடிஎஃப்-8 என எண்ணிப் படிக்கும் நிரலுக்கு அது பிழையான எழுத்தாகத் தெரியும்.

2010களின் தொடக்கத்தில் இதற்கு மாற்று முறைகள் தோன்றின. 1005ஆம் முறை, இட எண்களை யுடிஎஃப்-8 எழுத்துகளாகவே மாற்றி அனுப்பியது. இதனால் எல்லை 2015 வரை உயர்ந்தது. ஆனால் 95ஆம் நெடுவரிசை வரை பழைய முறையும் இதுவும் ஒரே மாதிரி இருக்கும். முனையம் எந்த முறையில் பேசுகிறது என்பதை நிரலால் உறுதிப்படுத்த இயலவில்லை. 1015ஆம் முறை எண்களை வழக்கமான இலக்கங்களாக அனுப்பியது. எனினும் எந்தப் பொத்தான் விடப்பட்டது என்பதை அதுவும் சொல்லவில்லை.

நிலைத்தது 1006ஆம் முறை. முன்னர் கூறிய எடுத்துக்காட்டில் இது எஸ்கேப், சதுர அடைப்புக்குறி ஆகியவற்றுக்குப் பின் <0;10;5 என்று அனுப்பும். இறுதியில் பெரிய எம் வந்தால் அழுத்தம், சிறிய எம் வந்தால் விடுகை. 32 கூட்டுவதும் இல்லை, 223 என்னும் எல்லையும் இல்லை, பொத்தான் எண்ணும் மறைவதில்லை. பெரும்பாலான புதிய முனையங்கள் இதனை ஏற்றுள்ளன.

சுட்டி யாருக்கு உரியது?

நிரல் சுட்டியைக் கேட்டுப் பெற்றதும், பயனர் தன் வழக்கமான தேர்ந்தெடுத்து ஒட்டும் வசதியை இழக்கிறார். இதற்காகவே எக்ஸ்டெர்ம் உள்ளிட்ட பல முனையங்களில் ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியபடி சுட்டியை இழுத்தால், அது நிரலுக்குப் போகாமல் முனையத்துக்கே சேரும். இதை அறியாத பயனர்கள் உரையை நகலெடுக்க முடியாமல் திகைப்பது வழக்கம்.

2016இல் வெளியான விம் 8.0 பதிப்பு, தனி அமைப்புக் கோப்பு இல்லாத பயனர்களுக்குச் சுட்டியை இயல்பாகவே இயக்கியது. பல ஆண்டுகளாக இழுத்து நகலெடுத்து வந்தவர்களின் பழக்கம் இதனால் தடைப்பட்டது. பலரும் முறையிட்டனர், பலர் அதை அணைக்கும் கட்டளையைத் தேடினர். ஆயினும் சுட்டியை விரும்புவோரும் குறைவல்லர். 2022இல் நியோவிம் 0.8 பதிப்பும் சுட்டியை இயல்பாக இயக்கியது.

மற்றொரு தொல்லை, நிரல் திடீரென நின்றுவிடும்போது ஏற்படுகிறது. சுட்டி முறையை அணைக்கும் ஆணை அனுப்பப்படாததால், முனையம் தொடர்ந்து செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டளை வரியில் சுட்டியை அசைத்தாலே எண்களும் அரைப்புள்ளிகளும் குவியும். இது கணினி பழுதோ நச்சுநிரலோ அன்று. கேட்பார் இல்லாத சுட்டிச் செய்திகளே. ‘ரீசெட்’ கட்டளையைத் தட்டினால் பெரும்பாலும் முனையம் பழைய நிலைக்குத் திரும்பும்.

தமிழ் உரையும் கட்டங்களும்

முனையம் தெரிவிப்பது எழுத்தை அன்று, கட்டத்தை. அந்தக் கட்டத்தில் எந்த எழுத்து உள்ளது என்பதை நிரல் தானே கணக்கிட வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பதால் இது எளிது. தமிழில் ‘கொ’ என்பது கண்ணுக்கு மூன்று வடிவங்கள், ஒருங்குறியில் இரண்டு குறிகள், படிப்பவருக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்க் குறிகளுக்கு எத்தனை கட்டங்கள் என்பதில் முனையமும் நிரலும் ஒத்துப்போகாவிட்டால், சொடுக்கிய இடம் ஒன்றாகவும் குறிமுள் நிற்கும் இடம் வேறாகவும் அமையும். வரி நீள நீள இந்த விலகலும் கூடும். இடத்தைச் சரியாகச் சொல்லும் 1006ஆம் முறையாலும் இதைத் தீர்க்க முடியாது. அகலக் கணக்கில் உடன்பாடு ஏற்பட்டால்தான் இது தீரும்.

இன்றைய நிலை

தொலைவிலுள்ள கணினியை எஸ்எஸ்எச் வழியே இயக்கும்போதும் சுட்டி வேலை செய்வதற்கு, அதன் செய்திகள் எழுத்துகளோடு எழுத்துகளாகப் பயணிப்பதே காரணம். இடையில் வேறு எந்தச் சேவையும் தேவையில்லை. டாஸ் குறுக்கீட்டு அழைப்புக்கோ ஜிபிஎம் சேவைக்கோ இந்த வசதி இல்லை. ஒரு நிரல் தொடங்கும்போது தேவையான முறையை இயக்குதல், வரும் தொடர்களைப் பிழையின்றிப் பிரித்தறிதல், எந்த நிலையில் முடிந்தாலும் முறையை அணைத்துவிட்டு வெளியேறுதல் ஆகிய மூன்றும் இன்று நல்ல முனைய நிரலின் கடமைகளாகக் கருதப்படுகின்றன. சுட்டியால் செய்யும் ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகை வழியையும் வைத்திருப்பது, சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கும் அந்நிரல் பயன்பட உதவுகிறது.