ஜானகி வெங்கட்ராமன்

ஜானகி வெங்கட்ராமன் (1921 – 13 ஆகஸ்ட் 2010) இந்தியாவின் எட்டாவது குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமனின் மனைவி. பெண்கள் நலனிலும் உயிரிரக்கப் பணியிலும் ஈடுபாடு கொண்டவர். புழுவைக் கொல்லாமல் பட்டு கிடைக்குமா என்று இவர் கேட்ட கேள்வியே 'அகிம்சைப் பட்டு' என்ற புதுத் துணிக்கு வித்தானது. பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர்போன ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது இவரை விட்டுவிட முடியாததற்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

ஜானகி அம்மாள் என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் எம்.ஜி.ஆரின் மனைவி வி.என். ஜானகி. அவர் வேறு. அந்த ஜானகி முதலமைச்சராக இருந்த ஆட்சி 1988 ஜனவரி 30 அன்று முடிந்து, தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் இந்த ஜானகியின் கணவர்.

இவர் பிறந்தது பர்மாவின் பெகு நகரில். ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள இவ்வூர் இன்று பகோ எனப்படுகிறது. நெல் வணிகம், வட்டித் தொழில், அரசுப் பணி, கூலி வேலை என்று பல வழிகளில் தமிழர் அங்கே சென்று குடியிருந்த காலம் அது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிந்தது 1937 ஏப்ரல் 1 அன்றுதான். ஆகவே இவரை வெளிநாட்டில் பிறந்தவர் என்று குறிப்பது பொருந்தாது. பிற்காலக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனின் மனைவி உஷாவும் பர்மாவில் பிறந்தவரே. குடியரசுத் தலைவர் மாளிகையில் வாழ்ந்த இரு பெண்மணிகளின் பிறப்பிடம் பர்மாவாக அமைந்திருக்கிறது.

1938-இல் திருமணம். மணமகன் பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அவர் கைதாகி இரண்டாண்டு சிறையில் இருந்தார். 1946-இல், ஜப்பானியருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார். பிறகு நாடாளுமன்றம், 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சர் பதவி, மறுபடி தில்லி. கணவர் பதவிக்குப் பதவி மாற, குடும்பம் சென்னைக்கும் தில்லிக்குமாக இடம் மாறியது. மூன்று பெண் குழந்தைகளை வளர்த்து வீட்டை நிலையாக வைத்தவர் ஜானகி. மகள்களில் பத்மா வெங்கட்ராமன் தொழுநோயாளர் மறுவாழ்வுப் பணியால் அறியப்பட்டவர்.

காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் தொழில்துறை வெங்கட்ராமன் கையில் இருந்தது. கிண்டி தொழிற்பேட்டை அவர் காலத்தது. ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது அவர் பதவி விலகிய பிறகு, 1970-களில். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்து, பெங்களூருச் சாலையோரச் சிற்றூராக இருந்த ஓசூர் ஆலை நகரமானது. அவர் இட்ட தடத்தின் நீட்சியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

ஆலைகளுக்கு அப்பால் இந்தக் கர்நாடக எல்லைப் பகுதியின் செம்மண் காடுகளில் மல்பெரி உண்டு. தமிழ்நாடு அரசின் பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையம் ஓசூரில்தான் இருக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள ராமநகரச் சந்தைக்குக் கூடுகளை ஏற்றிச் செல்வதும் இங்குள்ள விவசாயிகளுக்குப் பழக்கமானதே. புழு மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாளில் முதிரும். முதிர்ந்த புழுக்களைச் சந்திரிகைத் தட்டில் விட்டால் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். ஒரு கூட்டில் உள்ளது அறுபடாத ஒரே இழை. நல்ல இனமானால் நீளம் ஆயிரம் மீட்டரைத் தொடும். உள்ளே கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாற இன்னும் பத்து நாள் போலத் தேவை. விட்டுவைத்தால் பூச்சி ஒரு நீர்மத்தைச் சுரந்து, கூட்டின் முனையை இளக்கித் துளைத்து வெளியேறும். இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் அதற்கு முன்பே நீராவியிலோ சூடான காற்றிலோ புழுவைக் கொன்று, பிறகு வெந்நீரில் கூட்டை வேகவைத்து நூல் எடுக்கிறார்கள். இப்படி ஒரு புடவைக்குப் பல்லாயிரம் புழுக்கள் சாகும்.

இதை மனத்தில் வைத்தே 1990-களின் தொடக்கத்தில், குடியரசுத் தலைவரின் மனைவியாக இருந்த ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டுப்புடவை கேட்டார். வெங்கட்ராமன் பக்தி பூண்டிருந்த காஞ்சிப் பெரியவரும் இதே காரணத்துக்காகப் பட்டை விலக்கச் சொல்லிவந்தவர். ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் துளைக்கூட்டைப் பஞ்சு போலப் பிரித்து, ராட்டையிலோ ஆலையிலோ நூற்று நெய்தார். பின்னர் இம்முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். இப்படி நூற்ற நூலில் வழக்கமான பட்டின் பளபளப்பு இராது. ஆனால் மென்மையும் கதகதப்பும் கூடுதல். நூல் குறைவாகக் கிடைப்பதால் விலை அதிகம். வளர்ப்பு அந்துப்பூச்சியால் பறக்கவோ உண்ணவோ முடியாது, சில நாளில் தானே இறந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அது நீராவியில் சாகவில்லை. அகிம்சை என்ற பெயருக்கு அது போதும்.

1987 முதல் 1992 வரையிலான மாளிகை வாழ்வில் ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்மராவ் என நான்கு பிரதமர்களைத் தம் கணவரோடு இவரும் கண்டார். வெங்கட்ராமன் 2009 ஜனவரி 27 அன்று காலமானார். அடுத்த ஆண்டு, தமது 89-ஆம் வயதில் ஜானகி மறைந்தார்.

அகிம்சைப் பட்டு இன்று குறைந்த அளவில் விற்பனையாகிறது. ஓசூர்ப் பக்கத்துக் கூடுகள் பெரும்பாலும் நீராவிக்கே போகின்றன.