யாழ்ப்பாணத்தில் ஆபத்துக் காவல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், மக்களின் உயிர்நாடியாக விளங்குவன சுண்ணக்கற் பாறையைத் தோண்டி அமைத்த கிணறுகளே. அக்கிணறுகளுட் பல ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியனவல்ல. காணி பிரியும்போது கிணறும் பங்காகும். பங்குக்காரர் முறைவைத்து நீர் இறைப்பர். இவ்வாறு பிறந்ததே 'பங்குக் கிணறு' என்னும் சொல்.

சோளகக் காற்றுப் பலத்து வீசும் மாதங்களிலே ஓலைக் கூரை ஒன்றிலே தீப்பொறி விழுமாயின், அயலிலுள்ள வீடுகளும் வேலிகளும் பற்றிக்கொள்ளும். அவ்வேளையிலே எவருடைய முறை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒருவர் துலா மிதிப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். மற்றையோர் கூரையின் ஓலையைப் பிரித்தெறிந்து தீயின் வழியை மறிப்பர். கட்டளை இடுவார் இல்லாமலே கைகள் ஒன்று சேரும். யாழ்ப்பாணத்தின் முதலாவது தீயணைப்புப் படை இந்த அயலவர் கூட்டமே எனலாம்.

ஆனால், அயலவர் கைக்கு அடங்காத ஆபத்துக்களும் உண்டு. கொள்ளைநோய், புயல், கடற்கோள் ஆகியவை ஒரு வளவோடு நிற்பனவல்ல. அவற்றை எதிர்கொள்ள ஊரும் ஊரும் இணைய வேண்டும். அதிகாரியும் வைத்தியரும் இணைய வேண்டும். அந்த இணைப்பு எவ்வாறு உண்டாயிற்று, எங்கே அறுந்தது என்பதே குடாநாட்டின் பொதுக்காவல் வரலாறு.

பிரித்தானியர் 1795ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய காலத்திலே, நாட்டு நிருவாகம் தலைமைக்காரர்களின் கையிலே இருந்தது. பிரிவுக்கு மணியகாரன், அவர் கீழ் உடையார், கிராமத்துக்கு விதானை என்பது வரிசை. பிரித்தானியரும் இவ்வொழுங்கைக் கைக்கொண்டனர். களவு நடந்தாலும், கலகம் மூண்டாலும், ஐயத்துக்கிடமான மரணம் நேர்ந்தாலும் முதற் செய்தி செல்லுமிடம் விதானையார் வீடு. அங்கிருந்து உடையாருக்கும், மணியகாரனுக்கும், இறுதியிலே யாழ்ப்பாணக் கச்சேரிக்கும் செய்தி ஏறும். கச்சேரியின் கட்டளை அதே படிகளால் இறங்கி, பறையொலியுடன் ஊர் முழுவதும் அறிவிக்கப்படும். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்திலே இது பயனுள்ள ஒரு சங்கிலியே. எனினும் இதிலே ஒரு குறை இருந்தது. சாதியும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களிலிருந்தே தலைமைக்காரர் பெரும்பாலும் தெரிவு செய்யப்பட்டனர். ஆகவே, அவர்களின் காவல் எல்லாருக்கும் ஒரே அளவிற் கிடைத்ததில்லை. மேலும், குற்றத்தைத் தடுக்க அமைந்த அச்சங்கிலியிலே நோயைத் தடுப்பதற்கு ஒரு கண்ணியும் இருக்கவில்லை.

அந்தக் கண்ணியைச் சேர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தின் கலெக்டராகப் பொறுப்பேற்ற டைக் துரை, பின்னர் வடமாகாணத்தின் அரசாங்க அதிபராகி, சிறு இடைவெளி நீங்கலாக 1867இல் தாம் இறக்கும்வரை அப்பதவியிலே இருந்தார். வடபுலத்தின் இராசா என்று சொல்லப்படுமளவுக்கு அவருடைய ஆணை செல்லுபடியாயிற்று. இன்று பழைய பூங்கா என வழங்கும் நிலத்திலேதான் அவர் வாசம் செய்தார். கண்டிப்புமிக்க அவ்வதிகாரியின் முயற்சியால் 1850ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பட்டினத்திலே ஒரு வைத்தியசாலை எழுந்தது. அதை நடத்தியது 'பிறண்ட்-இன்-நீட் சொசைற்றி', அதாவது ஆபத்துக்கு உதவும் நண்பர் சங்கம். அரசாங்கத்தின் அதிகாரமும் பொதுமக்களின் தருமமும் ஒரே கூரையின் கீழ் வந்தமை அதன் சிறப்பு.

அதே காலத்திலே மற்றொரு திசையிலிருந்தும் உதவி வந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே 1822இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், 1847ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசன் சார்பில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் வைத்தியப்பணி தொடங்கி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கலானார். தாம் ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும் என்பதை அவர் விரைவிலே உணர்ந்தார். ஒரு வைத்தியரைக் கொண்டு ஒரு நாட்டைக் காக்க இயலாது. ஊர்தோறும் வைத்தியர் இருந்தாலே காவல் உண்டு என்பது அவருடைய கொள்கையாயிற்று. அவரிடம் கற்றுத் தேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுட் பலர் அரசாங்க சேவையிலும் அமர்ந்தனர்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் கடுஞ்சோதனையாக வந்தது வாந்திபேதி. 1866, 1867ஆம் ஆண்டுகளிலே அந்நோய் குடாநாட்டைப் பெரிதும் வாட்டியது. காலையிலே வயலுக்குப் போனவன் மாலையிலே பிணமாவான். உடலிலுள்ள நீரெல்லாம் வெளியேறி, கண் குழிந்து, கை கால் குளிர்ந்து, சில மணி நேரத்திலே உயிர் பிரியும். ஒரே வீட்டிலே பலர் வீழ்ந்தால், பிணத்தைச் சுமக்கவும் ஆள் கிடைப்பது அரிது. தீப்பற்றினால் ஓடிவரும் அயலவரே, நோய்ப்பட்ட வீட்டின் படலையைக் கண்டு ஒதுங்கிச் செல்லும் காலம் அது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அன்று உலகிலே பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. கெட்ட காற்றே காரணமென்று வைத்திய நிபுணர் பலர் நம்பினர். தெய்வக் குற்றமென்று ஊரார் அஞ்சினர். அம்மன் கோயில்களிலே பொங்கலும் வழிபாடும் நடைபெற்றன.

உண்மை நிலத்தின் கீழேதான் இருந்தது. 1854ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரத்தின் புரோட் வீதிப் பகுதியிலே வாந்திபேதி மூண்டபோது, யோன் ஸ்னோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளைக் குறித்துக்கொண்டு, அவ்வீட்டார் பெரும்பாலோர் ஒரே நீர்க்குழாயின் தண்ணீரைக் குடித்தனர் என்று எடுத்துக்காட்டினார். அவரது வேண்டுகோளின்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. எனினும் அவருடைய கருத்து பல்லாண்டுகளின் பின்னரே பொதுவாக ஏற்கப்பட்டது. 1884ஆம் ஆண்டிலே றொபேட் கொக் கல்கத்தாவிலே நோய்க் கிருமியை உறுதிசெய்தார். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பாறையோ வெடிப்பும் துவாரமும் மிகுந்தது. மேலே ஊற்றிய அழுக்கு நீர், மணலிலே வடிபடுவதுபோல அங்கே வடிபடுவதில்லை. விரைவிலே கிணற்றை அடைந்துவிடும். தீயிலிருந்து காத்த பங்குக் கிணறே நோயைப் பங்கிட்டுக் கொடுக்கும் வாயிலாகவும் ஆகக்கூடும். ஆதலால், இங்கே ஒருவருடைய துப்புரவு அவருக்கு மட்டும் உரிய காரியமன்று. அயலார் உயிரும் அதனோடு பிணைந்துள்ளது.

இத்தகைய அறிவு ஓர் ஊரைக் காக்க வேண்டுமாயின், அது அவ்வூரார் பேசும் மொழியிலே இருத்தல் வேண்டும். இதை நன்குணர்ந்தவர் கிறீன். 1864ஆம் ஆண்டு தொடக்கம் அவர் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவருடைய மாணவராலும் தமிழாக்கப்பட்டன. நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவத் தமிழ் அவ்வாறு உருவாயிற்று. ஆங்கிலத்திலே படித்தவர் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வர். தமிழிலே படித்தவர் ஊரிலே தங்கி ஊராருக்கு வைத்தியம் செய்வர் என்பது அவரது எண்ணம். 1873ஆம் ஆண்டிலே அவர் தாயகம் திரும்பி, 1884இல் அங்கே காலமானார். மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை இன்றும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின்வந்த காலத்திலே பொதுக்காவற் பணிகள் தனித்தனித் திணைக்களங்களாகப் பிரிந்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும், அடுத்த ஆண்டிலே கம்பெல் துரை பொலிஸ் தலைவராகியதன் வழியாகவும், இலங்கைப் பொலிஸ் படை புதிய அமைப்பைப் பெற்றது. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு 1906இலே உள்ளூர்ச் சபையும், 1921இலே நகர மாவட்ட சபையும், 1949இலே மாநகர சபையும் கிடைத்தன. நண்பர் சங்கத்தின் வைத்தியசாலையை 1907ஆம் ஆண்டிலே அரசாங்கம் பொறுப்பேற்றது. இறுதியிலே, 1963ஆம் ஆண்டிலே தலைமைக்காரர் முறை ஒழிந்து, விதானையாரின் இடத்திலே கிராம சேவகர் அமர்ந்தார்.

ஒவ்வொரு மாற்றமும் ஒரு முன்னேற்றமே. விதானையாரின் விருப்பு வெறுப்புக்கு ஊரார் கட்டுப்பட்டிருந்த நிலை நீங்கியது. வைத்தியம் தருமமாகக் கிடைப்பது போய், குடிமக்களின் உரிமையாயிற்று. ஆயினும், தீயணைப்புக்கு ஒரு வாயில், பொலிசுக்கு ஒரு வாயில், வைத்தியசாலைக்கு ஒரு வாயில் எனப் பிரிந்தமையால், ஆபத்து வேளையிலே எந்த வாயிலைத் தட்டுவது என்னும் மயக்கமும் உடன் பிறந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களிலே இலங்கையின் வடபகுதியை ஊடறுத்துச் சென்று தனுஷ்கோடியை அழித்த புயல், பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இப்படிப்பினையை எழுதிவிட்டுப் போயிற்று. கடலிலே நிற்கும் தொழிலாளிக்குச் செய்தி எட்டாவிடில், கரையிலே எத்தனை திணைக்களம் இருந்தும் பயனில்லை.

போர்க்காலத்திலே நிலைமை மேலும் கொடியதாயிற்று. 1987ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளே புகுந்தபோது, வைத்தியர், தாதியர், நோயாளர் எனப் பலர் கொல்லப்பட்டனர். காக்கும் இடமே காவலற்றுப் போனால் மக்கள் எங்கே செல்வர்? 1990ஆம் ஆண்டிலே சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் அவ்வைத்தியசாலையைச் சூழப் பாதுகாப்பு வலயம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பகைத்து நின்ற இரு தரத்தாரும் உடன்பட்டாலொழிய நிலைக்க முடியாத காவல் அது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையிலே சுமாத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. வடமராட்சிக் கரையை அலை அடைவதற்கு ஒன்றரை மணி நேரத்திற்கு மேலான இடைவெளி இருந்தது. மணற்காட்டிலிருந்தும் உடுத்துறையிலிருந்தும் மக்கள் நடந்தே உள்நாட்டுக்கு ஏறிவிடப் போதுமான நேரம். ஆனால், ஒரு சொல்லும் அவர்களுக்கு எட்டவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலே மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பறையொலியாலே ஊர் முழுவதற்கும் செய்தி சொன்ன நாட்டிலே, வானொலியும் தொலைபேசியும் இருந்த காலத்திலே நேர்ந்தது இது. அலை வடிந்ததும் மீட்புக்கு முதலில் இறங்கியவர் எவர்? பழையபடி அயலவரே.

அன்று கரையோரத்தின் ஒரு பகுதி அரசாங்கத்தின் கையிலும், மற்றொரு பகுதி விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. நிவாரணத்தை இணைந்து நடத்துவதற்காக 2005 யூன் மாதத்திலே இரு தரத்தாரும் பொதுக் கட்டமைப்பு ஒன்றுக்குக் கைச்சாத்திட்டனர். அடுத்த மாதத்திலே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. ஓர் அலை பிரித்துப் பாராது அழித்த மக்களுக்கு, உதவி மட்டும் பிரிந்தே சென்றது. அதே ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றி, மாவட்டந்தோறும் கிளை பரப்பியது. 2018 யூலையிலே, 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் 'சுவசெரிய' நோயாளர் வண்டிச் சேவை வடமாகாணத்துக்கும் வந்தது.

விதானையாரின் சங்கிலி, நண்பர் சங்கத்தின் வைத்தியசாலை, கிறீனின் தமிழ் நூல், இன்றைய தொலைபேசி இலக்கம் ஆகியன வெவ்வேறு காலத்தின் கருவிகள். அவை யாவும் செய்ய முயன்ற காரியம் ஒன்றே: செய்தி உரிய நேரத்திலே சேர்வது, அது விளங்கும் மொழியிலே சேர்வது, கேட்டவர் முறை பாராது எழுவது. இம்மூன்றுள் ஒன்று குறைந்த பொழுதெல்லாம் குடாநாடு தன் மக்களை இழந்திருக்கிறது. பங்குக் கிணற்றுக்கு இறைப்பு முறை உண்டு. கூரை எரியும்போது அம்முறை இல்லை. யாழ்ப்பாணத்து உழவர் இதை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர். திணைக்களங்களும் அதைக் கற்றுக்கொள்ளும் நாளிலேதான் ஆபத்துக் காவல் முழுமை பெறும்.