கிழக்கே இறங்கிய ரயில்

1924 ஜூலையில், நாள்கணக்கில் விடாமல் கொட்டிய மழையில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் காலமானது. வயது 22. நீராவி இன்ஜின் பூட்டியதிலிருந்து எண்ணினால் 16தான். நூறு வருஷம் கழித்து என்ன இரங்கல் என்று கேட்கலாம். சாவுக்கு வராதவர்கள் சொத்துக்கு வந்து நிற்கும் நேரம் இது. மூணாறுக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் பெருகப் பெருக, அந்த ரயிலை மறுபடி ஓட்டினால் என்ன என்ற பேச்சு கேரளத்தில் அவ்வப்போது எழுகிறது. அதனால் இறந்தது எது, அது யாருக்குச் சோறு போட்டது என்பதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

தேயிலைப் பாக்கெட்டில் நாம் பார்த்துப் பழகிய பெயர், கண்ணன் தேவன். அந்த மலைகளை 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவர் ஜான் டேனியல் மன்றோ. காபி, சிங்கோனா என்று எதையெதையோ நட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ.எச். ஷார்ப் பார்வதித் தோட்டத்தில் போட்ட தேயிலைதான் நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலைகளுக்கென்றே ஒரு கம்பெனி வந்தது. இலை விளைந்தது, இறக்கத்தான் வழியில்லை.

மேற்கே போனால் காடும் யானையும் ஓயாத மழையும். கிழக்கே மலை சட்டென்று அறுந்து போடிநாயக்கனூர்ச் சமவெளியில் விழுகிறது. அங்கே மழை குறைவு, மாட்டுவண்டி உண்டு, அரிசிச் சந்தை உண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 1876லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஏறியதும் இந்தக் கிழக்குச் சரிவில்தான். ஆள் ஏறிய வழியிலேயே தேயிலை இறங்கட்டும் என்று கம்பெனி தீர்மானித்தது.

முதலில் போட்டது வினோதமான பாதை. 1902இல் வந்த அந்த வண்டிக்குத் தரையோடு தரையாக ஒரே ஒரு தண்டவாளம். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். பாரத்தில் பெரும்பங்கு அந்த ஒற்றைக் கம்பியில் ஓடும் சின்னச் சக்கரங்களின் மேல். வண்டி கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் பெரிய சக்கரம் ஒன்று மண்பாதையில் கூடவே உருண்டு வரும். கிழவர் ஒருவர் தடியில் லேசாகச் சாய்ந்துகொண்டு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தது மாடு. இரும்பின் மேல் உருளுவதால் கட்டைவண்டியில் இழுப்பதைவிட அதே மாடு அதிக பாரம் இழுத்தது. அகலமாக மலையை வெட்டவும் வேண்டாம், சின்ன வளைவிலும் திரும்பலாம். கஞ்சத்தனத்தில் பிறந்த நல்ல யோசனைகளில் இதுவும் ஒன்று.

இதன் தங்கை 1907இல் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் பிறந்தாள். அவளும் ஒற்றைத் தண்டவாளக்காரி. 1927இல் அவளும் போய்ச் சேர்ந்தாள். ஆனால் 1962இல் மைக் சாட்டோ என்ற ரயில் பித்தர், பாட்டியாலா பொதுப்பணித் துறையின் பழைய சாமான்களுக்கிடையே அவளுடைய இன்ஜினைக் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் பணிமனையில் பழுது பார்த்து, தில்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாட்டுக்கு எட்டாத அளவுக்குத் தேயிலை பெருகியதும் ஒற்றைத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, 1908இல் இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி இன்ஜின் விட்டார்கள். டார்ஜிலிங் ரயிலுக்கும் இதே அகலம்தான். நீலகிரி மலை ரயில் ஊட்டியை எட்டிப்பிடித்ததும் அதே 1908இல்தான். குண்டளை ரயில் மூணாறில் புறப்பட்டு, மாட்டுப்பெட்டி, பாலாறு தாண்டி மலையின் கிழக்கு விளிம்பில் டாப் ஸ்டேஷனில் நிற்கும். இன்றைய சாலைக் கணக்கில் 32 கிலோமீட்டர்.

இனிதான் விஷயமே. டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்தது, பயணம் முடியவில்லை. தேயிலைப் பெட்டிகள் ரயிலிலிருந்து இறங்கி ரோப்வேயில் ஏறும். கம்பியில் ஆடிக்கொண்டே சுமார் 5 கிலோமீட்டர் கீழே, கொட்டகுடிக்குப் போகும். அதுதான் பாட்டம் ஸ்டேஷன். நடுவழியில் சென்ட்ரல். கொட்டகுடியில் மாட்டுவண்டியில் ஏறி 15 கிலோமீட்டர் போய்ப் போடி சேரும். போடிக்கு அப்போது ரயில் இல்லை; அங்கிருந்து ரயில் இருக்கும் ஊருக்குப் போய், அப்புறம் தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து. எதிர்த்திசையில் தோட்டத்துக்கான அரிசியும் பலசரக்கும் ஏறும். வெள்ளைக்காரன் வீட்டுக் கோப்பைக்குப் போன தேயிலை அத்தனை கை மாறியது. கை மாறிய இடத்திலெல்லாம் கொஞ்சம் கூலி தங்கியது. சுமை இறக்கியவர், வண்டி பூட்டியவர், மாட்டுக்கு வைக்கோல் விற்றவர், அச்சாணி அடித்துக் கொடுத்த கொல்லர், வண்டிக்காரனுக்குச் சோறு வடித்தவர் என்று அடிவாரத்து ஊர்களில் ஒரு வரிசையே அந்த ரயிலை நம்பியிருந்தது.

அது தர்மத்துக்கு ஓடிய ரயில் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி தன் சரக்குக்காகப் போட்ட ரயில் அது. மேலே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் கங்காணியின் கடன் கணக்கில் கட்டுண்டு கிடந்தார்கள். இருந்தாலும், தேயிலையை ஒரே மூச்சில் கீழே கொண்டுபோக வழியில்லாத காரணத்தால் மட்டுமே வழியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அடிவாரத்து ஊர்களைப் பொறுத்தவரை, அந்தப் பாதையின் குறைதான் அவர்களுக்கு வரவு.

முடிவு வந்தது கொல்லம் ஆண்டு 1099இல். கேரளத்தில் இன்றைக்கும் பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றுதான் சொல்வார்கள். சரிந்து வந்த மண்ணும் மரங்களும் மாட்டுப்பெட்டிப் பக்கம் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு, தண்ணீர் அணைபோலத் தேங்கி, ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு வந்தது என்பது மலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. மூணாறு ஊரே நாசமானது. தண்டவாளமும் பாலங்களும் போன இடம் தெரியவில்லை. அதே மாட்டுப்பெட்டியில் 1950களில் நிஜமாகவே ஓர் அணை கட்டினார்கள். இப்போது அதில் ஸ்பீட் போட் விடுகிறார்கள்.

அந்த வெள்ளத்தில் செத்தது ரயில் மட்டுமில்லை. மேற்கே ஆலுவாவிலிருந்து காட்டு வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையும் அதே மழையில் போய்விட்டது. ஆக, மலைக்கு இருந்த இரண்டு வாசலும் ஒரே மாதத்தில் அடைபட்டன. மேற்கு வாசலைத் திருவிதாங்கூர் அரசு திரும்பத் திறந்தது. நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை போட்டு 1931இல் திறந்தார்கள். பெரியாற்றின் மேல் வளைவுப் பாலம் 1935இல் வந்தது. கிழக்கு ரயிலை எழுப்ப யாரும் வரவில்லை. கம்பெனி ரோப்வேக்களையும், பின்னால் லாரிகளையும் வைத்துச் சமாளித்துக்கொண்டது.

விதியின் கிண்டலையும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். மலை ரயில் இன்னும் நாலே வருஷம் தாக்குப்பிடித்திருந்தால், மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், இடையில் ஒரு ரோப்வேயும் 15 கிலோமீட்டர் வண்டிப்பாதையும் மட்டும்தான். அந்த இடைவெளியை இணைக்க யாருக்காவது ஆசை வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் திரண்டு கேட்டும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு குறுக்கே விழுந்ததில் மூணாறும் மாட்டுப்பெட்டியும் குண்டளையும் அங்கே. டாப் ஸ்டேஷனின் மலைவிளிம்பும் கொட்டகுடியும் இங்கே, இன்றைய தேனி மாவட்டத்தில். டாப் ஸ்டேஷன் காட்சிமுனையில் நின்று கீழே பார்ப்பவர் நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். ஆனால் அவர் வந்தது கேரளத்தின் வழியாக, தங்குவது மூணாறில், சாப்பிடுவதும் அங்கேதான். கீழே தெரியும் ஊர்களிலிருந்து மேலே வர வண்டிச்சாலை கிடையாது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்று தேனிக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நடுவில் இருப்பது காடு என்பதால் அது லேசில் நடக்கிற காரியமும் இல்லை. நடக்கத்தான் வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இறந்ததன் மிச்சங்களை மூணாறில் பார்க்கலாம். பழைய ரயில் நிலையம் இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். டாப் ஸ்டேஷன் சாலை பல இடங்களில் பழைய தண்டவாளத் தடத்தை ஒட்டியே போகிறது. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் ரயில் இன்ஜினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. 22 வருஷ ரயிலுக்கு ஒரு சக்கரம்; பரவாயில்லை. எனக்கு அங்கே அதைவிடப் பிடித்தது கருங்கல்லில் செய்த சூரியக் கடிகாரம். 1913இல் நாசரேத் கைத்தொழிற் பள்ளியில் செய்தது. தூத்துக்குடிச் சீமையிலிருந்து அந்தக் கல் கடிகாரம் மூணாறு வந்து சேர்ந்த காலத்தில், தேயிலையை ஏற்றிக்கொண்டு மலை ரயில் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைத்தால் சக்கரமும் கடிகாரமும் ஒன்றோடொன்று பேசும்.

பாரம்பரியச் சுற்றுலா என்பதன் கோளாறு இங்கேதான் தெரிகிறது. துரைமார் உபயோகித்த பண்டம் கண்ணாடிக்குள் போகிறது. அதைச் சுமந்தவர்களின் வீடு அதே பழைய லயமாக நிற்கிறது. ஊரெல்லாம் ரிசார்ட் முளைத்துவிட்ட 2015இல், தோட்டத்துப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று திரண்டு மூணாறு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அன்றைக்கு அவர்கள் நாள்கூலி 232 ரூபாய். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். 1924க்கு நினைவுச்சின்னம் தேடுகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

கிழக்குப் பக்கத்துக்குச் சுற்றுலா வந்ததும் ஒரு துக்கச் செய்தியாகத்தான் வந்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தடை வந்தது, விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியபோது 40 பாதைகள் கொண்ட பட்டியலில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் இடம்பெற்றது. உள்ளூர் மலைவாசி இளைஞர்களே வழிகாட்டிகள் என்பது அதில் எனக்குப் பிடித்த அம்சம். ஒரு நடையாளியோடு ஒரு வழிகாட்டி போனால், ஊருக்குள் ஒரு கூலி நிற்கிறது. தேயிலைப் பெட்டி செய்த வேலையை மனுஷன் செய்கிறான்.

இப்போது ரயிலைத் திரும்ப ஓட்டும் யோசனைக்கு வருவோம். பேச்சில் அடிபடுவதெல்லாம் மூணாறிலிருந்து கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம், பழைய மாதிரி இன்ஜின், ஜன்னலோரத்தில் செல்ஃபி. ஓடட்டும், நானும் டிக்கெட் எடுப்பேன். ஆனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் அந்த ரயிலால், ஏற்கெனவே இடம்போதாமல் திணறும் மூணாறுக்கு இன்னொரு விளையாட்டுப் பொருள் கிடைக்கும், அவ்வளவுதான். பழைய ரயிலின் ஆயுசு முழுக்க அடுத்த கைக்குச் சரக்கை மாற்றிவிடுவதிலேயே கழிந்தது. அந்தக் கைமாற்றத்தை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் திரும்பக் கொண்டுவருவதில் என்ன பாரம்பரியம் இருக்கிறது?

செய்யக்கூடியது ஒன்று உண்டு; செலவும் குறைவு. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல், கொட்டகுடி என்று ரோப்வே இறங்கிய சரிவை, காட்டுத்தீக் காலம் தவிர்த்து, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு நடைவழியாக இரண்டு மாநில வனத்துறையும் சேர்ந்து திறக்கலாம். கூட நடப்பவர்களும், நடுவழியில் டீ போட்டுக் கொடுப்பவர்களும் கொட்டகுடி ஊராட்சிக்காரர்களாக இருக்கட்டும். கட்டணத்தில் ஊராட்சிக்கு ஒரு பங்கு எழுத்தில் இருக்கட்டும். கீழே இறங்கியவர் போடியில் ஒரு ராத்திரி தங்கி ஏலக்காய் வாங்கிக்கொண்டு போகட்டும். 2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் போடி வரை வருகிறது. ஆனால் இப்போது இறங்குகிறவர்கள் ஸ்டேஷன் வாசலில் ஜீப் பேசி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நேரே மூணாறு போய்விடுகிறார்கள்.

இதைப் பற்றிப் பேச இரு மாநில அதிகாரிகளும் கூடுவதானால் கூட்டத்தைக் கொட்டகுடியில் வைக்க வேண்டும். டாப் ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, போடி என்று சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியிருக்கும். தேயிலைப் பெட்டிக்கு அது 5 கிலோமீட்டர்.