உள்ளே இரும்பு உண்டா?

வெளிவிட்டம் 50 மி.மீ., உள்விட்டம் 40 மி.மீ. உள்ள ஓர் இரும்புக் குழாயைக் கணினியில் வரைந்து, குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். சாலிட் மாடலாக இருந்தால் இரண்டு வட்டங்களும், அவற்றுக்கு நடுவே ஹேட்சிங் (வெட்டுமுகத்தைக் காட்டும் சாய்கோடுகள்) நிரம்பிய வளையமும் தெரியும். அந்த வளையத்தின் பரப்பு சுமார் 707 சதுர மி.மீ. என்று மென்பொருளே சொல்லிவிடும். அதே குழாய், மேற்பரப்பை மட்டும் வைத்த சர்ஃபேஸ் மாடலாக இருந்தால் கிடைப்பது வெறும் இரண்டு வட்டங்கள். இரும்பு இருப்பது அவற்றுக்கு நடுவிலா, சின்ன வட்டத்துக்கு உள்ளேயா? அந்தத் தகவல் மாடலில் இல்லை.

இந்த வேறுபாடு, இரண்டு முறைகளும் பிறந்த இடங்களிலேயே தொடங்கிவிட்டது. சர்ஃபேஸ் முறை வளர்ந்தது பிரான்சின் கார் தொழிற்சாலைகளில். 1959-ல் சிட்ரோயனில் பால் தெ காஸ்தல்ஜோவும், 1960-களில் ரெனோவில் பியேர் பெசியேவும் வளைவுகளைக் கணிதத்துக்குள் கொண்டுவரும் வழியைத் தனித்தனியே கண்டார்கள். சிட்ரோயன் தன் முறையை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது; வளைவுக்குப் பெசியேவின் பெயரே நிலைத்துவிட்டது. இருவருக்கும் வேண்டியிருந்தது காரின் வெளித்தோல்தான். தகட்டின் கனம் முன்பே தெரிந்தது. தகட்டை அழுத்தும் டையைக் குடைந்தெடுக்கும் மில்லிங் மெஷினுக்கு மேற்பரப்பின் கணக்கு மட்டும் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எந்திர உறுப்புகளைச் செய்பவர்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. எடை எவ்வளவு, சுவர் எங்கே மெலிகிறது, துளை எதுவரை போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். விளிம்புக் கோடுகளை மட்டும் வைத்த வயர்ஃப்ரேம் படம் இதற்கு உதவாது; ஒரே கோட்டுச் சட்டகத்தை இரண்டு மூன்று வேறு பொருள்களாகவும் படிக்க முடியும்.

விடை 1970-களில் சாலிட் மாடலாக வந்தது. கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு ‘பில்ட்’ என்ற நிரலை எழுதினார். கனசதுரம், உருளை போன்ற உருவங்களைக் கூட்டியும் கழித்தும் உறுப்பை உருவாக்குவது அவர் வழி. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஒக்கினோவின் குழு ‘டிப்ஸ்-1’ நிரலைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வோல்க்கரும் ரெக்கிச்சாவும் இதற்குக் கறாரான கணித அடித்தளம் போட்டார்கள். முப்பரிமாண வெளியில் எந்தப் புள்ளியைக் காட்டினாலும் அது பொருளுக்கு உள்ளேயா, வெளியேயா, எல்லையிலா என்று மாடல் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் சாரம். செக்ஷன் வெட்டும்போது நடப்பதும் இதுதான்: வெட்டும் தளம் முழுவதும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, ‘உள்ளே’ என்று பதில் வந்த இடமெல்லாம் ஹேட்சிங் விழுகிறது. பிரெய்டும் சகாக்களும் தொடங்கிய ஷேப் டேட்டா நிறுவனம் 1978-ல் ‘ரோமுலஸ்’ மென்பொருளை வெளியிட்டது. அதன் வாரிசான ‘பாராசாலிட்’ இன்றும் சாலிட்ஒர்க்ஸ் என்ற வரைவு மென்பொருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சர்ஃபேஸ் மறைந்துவிடவில்லை, மறையவும் கூடாது. விமானத்தின் இறக்கை வளைவையும் காரின் பானெட்டையும் இழைக்க அதைவிட நல்ல வழி இல்லை. தொல்லை வந்தது கோப்புகளைக் கைமாற்றியபோது. 1980-ல் வந்த ஐஜெஸ் (IGES) என்ற கோப்பு வடிவத்தின் ஆரம்பகாலக் கோப்புகள் ஒவ்வொரு பரப்பையும் தனித்தனியே சுமந்தன. எது எதோடு ஒட்டியிருக்கிறது என்ற செய்தி வழியிலேயே தொலைந்தது. இரு பரப்புகளுக்கு இடையே 0.01 மி.மீ. இடைவெளி விழுந்தாலும் வெட்டுக்கோடு மூடாமல் போகலாம். கோடு மூடாவிட்டால் ஹேட்சிங் இல்லை, பரப்பு இல்லை, எடையும் இல்லை. அந்தப் பரப்புகளைத் தைத்துச் சாலிட் ஆக்குவதிலேயே டிசைனர்களின் நாள்கள் கழிந்தன.

இதை மென்பொருளின் கோளாறு என்று திட்டுவது சரியல்ல. கோப்பில் இல்லாத தகவலை அது எங்கிருந்து எடுக்கும்? வெளியிலிருந்து ஒரு மாடல் வந்தால், டைக்கோ காஸ்டிங்குக்கோ விலை சொல்லும் முன் இரண்டு மூன்று இடங்களில் வெட்டிப் பாருங்கள். ஹேட்சிங் நிரம்ப வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், கோப்பை அனுப்பியவரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.