சேற்றுக்குள் ஒரு மின்கம்பி



வயலோரம் தேங்கிய நீரில் எண்ணெய் போல ஒரு படலமும், அடியில் செந்நிறப் படிவும் பார்த்திருப்பீர்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் என்றால் மீண்டும் ஒன்றுசேரும். துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் படலம். அந்த இரும்பை நீரில் கரையச் செய்பவை சேற்றில் வாழும் பற்றீரியாக்கள்.

நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் இலத்திரன்களைக் கடைசியில் ஒட்சிசன் வாங்கிக்கொள்கிறது. சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அங்கே துருப்பிடித்த இரும்புதான் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இரும்புத் துகள் கலத்துக்குள் நுழையாது. அப்படியானால் இலத்திரன் வெளியே போவது எப்படி?

1911இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பொட்டர், நுண்ணுயிர்களிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று காட்டினார். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 1987இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். பின்னர் அதன் இனத்துக்கு ஜியோபெக்டர் என்று பெயர் வந்தது. 2005இல் ஜெம்மா ரெகேராவும் லவ்லியும் அவர்களது குழுவினரும், ஜியோபெக்டரின் உடலிலிருந்து நீளும் ‘பிலி’ என்ற மெல்லிய புரத இழைகளே மின்கம்பிகள் என்று அறிவித்தார்கள்.

மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த நிகில் மல்வான்கர் லவ்லியின் குழுவில் சேர்ந்தார். அந்த இழைகள் உலோகம் போல மின்சாரம் கடத்துகின்றன என்ற 2011ஆம் ஆண்டு ஆய்வின் முதற்பெயர் அவருடையதே.

பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் அவர் தனிக் குழு அமைத்தார். 2019இல் வேறு பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, உறைய வைத்த இழைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அணுவளவு நுட்பமாகப் பார்த்தார்கள். தெரிந்தது பிலி அல்ல, ஓஎம்சிஎஸ் என்ற வேறொரு புரதம்! அதன் ஒவ்வொரு கண்ணியிலும் 6 ஹீம்கள் வரிசையாக நிற்கின்றன. நம் இரத்தத்தின் ஈமோகுளோபினில் இரும்பைத் தாங்கி நிற்பதும் ஹீம்தான். அந்த ஹீம் வரிசை வழியே இலத்திரன் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடந்து வெளியேறுகிறது. பிலியின் வேலை இந்தக் கம்பிகளை வெளியே தள்ளுவது என்று 2021இல் அதே குழு எழுதியது. லவ்லி இதை ஏற்கவில்லை; பிலியும் மின்சாரம் கடத்தும் என்றே வாதிட்டார்.

தன் பெயரில் அச்சான விளக்கத்தையே ஒருவர் மீண்டும் சோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். நாம் வகுப்பில் பெரும்பாலும் கடைசி விடையை மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த விடை எப்படி மாறி வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பரீட்சைக்கு அது வராது. ஆனால் விஞ்ஞானம் என்பது அதுதான்.