பந்தியில் யாருக்கு இடம்? அமெரிக்கக் கல்லூரிகளின் சகோதரக் கழகங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புகுமுகச் சடங்கின்போது மாணவர் ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம், சகோதரக் கழகங்களைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் எழுகிறது. சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. இக்குரலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயது. தடைகளும் பலமுறை விதிக்கப்பட்டன. சில நிலைத்தன, பல நிலைக்கவில்லை. இந்த வேறுபாட்டிற்கான விடை மாணவரின் ஒழுக்கத்தைக் காட்டிலும், அவர்கள் எங்கே உறங்கினார்கள், யாரோடு அமர்ந்து உண்டார்கள் என்பதில்தான் கிடைக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டி என வழங்குபவற்றைச் சகோதரக் கழகம், சகோதரியர் கழகம் என்று குறிக்கிறேன். கிரேக்க எழுத்துகளால் பெயரிடும் வழக்கம், 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா காப்பாவிலிருந்து தொடங்குகிறது. அது இரகசிய உறுதிமொழி கொண்ட ஒரு விவாத மன்றம். இன்று நாம் அறியும் வடிவம் 1825இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் உருவான காப்பா ஆல்ஃபாவோடு பிறந்தது. அடுத்த ஆண்டே அதே மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் காணாமற்போக, ஃப்ரீமேசன்களுக்கு எதிரான பெருங்கிளர்ச்சி மூண்டது. இரகசியச் சங்கம் என்ற சொல்லே ஐயத்துக்குரியதாயிற்று. 1831இல் ஃபை பீட்டா காப்பாவின் ஹார்வர்டு கிளை இரகசியத்தைக் கைவிட்டது. 1855இல் பிரின்ஸ்டன் இக்கழகங்களைத் தடைசெய்தது. முதற்கட்ட எதிர்ப்பின் இலக்கு இரகசியமே. பிறரை ஒதுக்கும் வழக்கத்தை அன்று எவரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் நிலைமை மாறியது. ஜெர்மானிய முன்மாதிரியைப் பின்பற்றிய பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்கும் வகுப்பறைக்கும் முன்னுரிமை அளித்தன. விடுதி கட்டுவதைத் தம் கடமையாகக் கருதவில்லை. பெருகிவந்த மாணவர்கள் எங்கே தங்குவது? முன்னாள் மாணவரின் நன்கொடையால் கழகங்கள் சொந்த வீடுகளைக் கட்டின. மாலைநேர மன்றமாக இருந்தது உறைவிடமாகவும் உணவுக்கூடமாகவும் ஆனது. நிர்வாகத்தின் செலவு குறைந்தது. அதன் அதிகாரமும் உடன் குறைந்தது. தான் செய்யத் தவறிய பணியைச் செய்யும் அமைப்பை எந்த நிறுவனத்தாலும் எளிதில் வெளியேற்ற இயலாது.

ஒதுக்கப்பட்டோரும் இதே வடிவத்தைக் கையிலெடுத்தனர் என்பதை மறக்கக் கூடாது. பெண்களைச் சேர்த்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இந்தியானா ஆஸ்பரி கல்லூரியில் 1870இல் மாணவியர் காப்பா ஆல்ஃபா தீட்டாவை நிறுவினர். கார்னெலின் கருப்பின மாணவர்கள் 1906இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினர். ஹவர்டு பல்கலைக்கழகத்தில் 1913இல் பிறந்த டெல்டா சிக்மா தீட்டா, அவ்வாண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் பங்கேற்றது. நுழைய விடாதவர்களின் வாயிலில் காத்திராமல் தமக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்ட இவர்களையும், அவர்களை விலக்கியவர்களையும் ஒரே தராசில் நிறுப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

எதிர்ப்பின் இரண்டாம் கட்டம் தெற்கில் எழுந்தது. மிசிசிப்பி சட்டமன்றம் 1912இல் அரசுக் கல்வி நிறுவனங்களில் இக்கழகங்களைத் தடைசெய்தது. மாணவப் பருவத்தில் கழகங்களால் புறக்கணிக்கப்பட்ட லீ ரஸ்ஸல் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். பின்னாளில் மாநில ஆளுநரும் ஆனார். 1915இல் வா வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லும் என்றது. செல்வரின் செருக்குக்கு எதிரான சமத்துவக் குரல் என்று இதைப் போற்றலாம். ஆனால் அதே பல்கலைக்கழகம் தன் முதல் கருப்பின மாணவரான ஜேம்ஸ் மெரிடித்தைச் சேர்த்துக்கொண்டது 1962இல்தான். வெள்ளையருக்குள் மட்டும் சமபந்தி கேட்ட சமத்துவம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இனமே விவாதத்தின் மையமானது. பல தேசியக் கழகங்களின் விதிகளில் கருப்பினத்தாரையும் யூதரையும் விலக்கும் பிரிவுகள் இருந்தன. 1948இல் ஆம்ஹர்ஸ்டின் ஃபை காப்பா சை கிளை ஒரு கருப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தபோது, தேசியத் தலைமை அக்கிளையையே இடைநீக்கம் செய்தது. 1953இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் தேசிய அமைப்புகளுடன் இணைந்த கழகங்களைத் தன் வளாகங்களிலிருந்து விலக்கியது.

நிலைத்த தடைக்குச் சிறந்த சான்று வில்லியம்ஸ் கல்லூரி. அங்கு மாணவரில் பெரும்பாலோர் கழக வீடுகளிலேயே உண்டு வாழ்ந்தனர். 1962இல் ஆஞ்செவைன் குழு, உறைவிடம், உணவு, பொதுவாழ்வு ஆகிய மூன்றின் பொறுப்பையும் கல்லூரியே ஏற்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கல்லூரியும் ஏற்றது, சில ஆண்டுகளில் கழகங்கள் மறைந்தன. விலக்கு ஆணையை மட்டும் பிறப்பித்த இடங்களில் கழகங்கள் வளாகத்துக்கு வெளியே, கண்காணிப்பும் இன்றித் தொடர்ந்தன.

பாலினம் பற்றிய கட்டம் இன்னும் சிக்கலானது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டத்திலிருந்து இக்கழகங்களுக்கு 1974இல் விலக்களிக்கப்பட்டது. 2016இல் ஹார்வர்டு, ஒருபாற் சங்கங்களில் சேர்வோருக்குச் சில தலைமைப் பொறுப்புகளையும் பரிந்துரைகளையும் மறுக்கும் விதியை அறிவித்தது. கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 2020இல் தன்பால் ஈர்ப்பினர், திருநர் ஆகியோரின் வேலையுரிமையைக் காத்த பாஸ்டாக் தீர்ப்பு வந்தபின், அதன் தர்க்கத்தின்படி தன் விதியே பாலினப் பாகுபாடாகிவிடும் என்று ஹார்வர்டு அதைக் கைவிட்டது. சமத்துவத்துக்கான தீர்ப்பு ஆண்களின் மூடிய அறைகளுக்கு அரணானது ஒரு கசப்பான முரண்.

நம் நாட்டின் ராகிங்கோடு இதை ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ராகிங் புதிதாக வருவோர் மீது திணிக்கப்படுவது. கழகத்தின் வதைச் சடங்கு, சேர விரும்புவோர் நுழைவுக்காகச் செலுத்தும் விலை. 2018இல் மூன்று பொருளியலாளர் வெளியிட்ட ஆய்வு, ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவரை ஆராய்ந்து, கழக உறுப்புரிமை மதிப்பெண் சராசரியை நான்குக்கு 0.25 அளவு குறைப்பதாகவும், பிற்கால வருமானத்தை ஏறத்தாழ 36 விழுக்காடு உயர்த்துவதாகவும் மதிப்பிட்டது. பலன் இவ்வாறிருக்கையில் விலை கொடுப்போர் எப்படிக் குறைவர்? வதை நிகழ்வுகளை வெளிப்படையாக அறிவிக்கக் கல்லூரிகளைப் பணிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில் வந்தது. தேவையான சட்டமே, ஆனால் அது கொடுமையை எண்ணும், வேட்கையை அணுகாது.

எனவே கழகங்கள் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்பது போதாது. ஊர் விட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தங்க இடமும், உண்ணத் துணையும், முன்னேற வழியும் யார் தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் தரவில்லையெனில் வேறு யாரேனும் தருவார்கள்; பந்தியில் யாருக்கு இடம் என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள்.